40.2 என்பது பெரும்பான்மை அல்ல: அமெரிக்கச் செய்தி எழுதும் தமிழ் ஊடக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும், உலகச் செய்திகளைப் பார்க்கும் உதவி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் தேர்தல் என்றால் தமிழ்ச் செய்திகளிலும் டெக்சஸ் வந்துவிடுகிறது. கூடவே ஒரு வரியும் வருகிறது: அங்கே ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்த) மக்கள் பெரும்பான்மை ஆகிவிட்டார்கள், வெள்ளையர்கள் குறைந்துவிட்டார்கள், எல்லை தாண்டி வந்தவர்களால் மாநிலத்தின் முகமே மாறிவிட்டது, இனி ஆட்சியும் மாறும். ஒரே வரியில் நான்கு கூற்றுகள். முதல் மூன்றும் அட்டவணையோடு பொருந்தவில்லை. நான்காவதை வாக்குப்பெட்டியே மறுத்துவிட்டது.

அமெரிக்க மக்கள்தொகை அட்டவணைகளோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிறவர்கள் நாங்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. செய்தி நிறுவனங்கள் அனுப்பும் குறிப்பிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு அதைத் தமிழாக்கம் செய்கிறவருக்கு மூல அட்டவணையைத் திறந்து பார்க்க நேரம் இருக்காது என்பதும் தெரியும். அந்த நேரத்தில் கைக்கு உதவட்டும் என்றுதான் இந்த மடல்.

எண்களை முதலில் வைத்துவிடுகிறோம். 2010 கணக்கெடுப்பில் டெக்சஸின் மக்கள்தொகை 2,51,45,561. 2020இல் 2,91,45,505. பத்தாண்டில் கூடியவர்கள் நாற்பது லட்சம், அதில் 56 பேர் குறைவு. ஹிஸ்பானிக் மக்கள் 94,60,921இலிருந்து 1,14,41,717 ஆனார்கள், அதிகரிப்பு 19,80,796. ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் 1,13,97,345இலிருந்து 1,15,84,597 ஆனார்கள், அதிகரிப்பு 1,87,252. ஆக, வெள்ளையர் குறையவில்லை, கூடினார்கள். குறைந்தது அவர்களின் பங்கு: 45.3 சதவீதத்திலிருந்து 39.7க்கு. ஒரு வெள்ளையர் கூடினால் பத்துக்கு மேற்பட்ட ஹிஸ்பானிக் மக்கள் கூடினார்கள் என்பதே அந்தப் பத்தாண்டின் உண்மையான செய்தி. தலைப்பாகவும் அதுவே போதும்.

2020 ஏப்ரல் நிலவரப்படி வெள்ளையர்தான் 1,42,880 பேர் முன்னால் இருந்தார்கள். வரிசை மாறியது அதற்குப் பிறகு. 2022 ஜூலை 1ஆம் தேதிக்கான மதிப்பீடு 2023 ஜூனில் வெளியானபோது ஹிஸ்பானிக் 40.2 சதவீதம், ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் 39.8 சதவீதம். 40.2 எப்படிப் பெரும்பான்மை ஆகும்? தனிப்பெரும் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மைக்கும் உள்ள வித்தியாசம் டீக்கடை பெஞ்சில் உட்காரும் தமிழ் வாசகருக்குக்கூடத் தெரியும். சட்டமன்றத் தேர்தலில் எத்தனை முறை பார்த்திருக்கிறார். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் ஹிஸ்பானிக் மக்கள் தனிப்பெரும் பிரிவினர். பெரும்பான்மை யாருக்கும் இல்லை.

சொல் என்று வந்துவிட்டதால் இன்னும் இரண்டு. 'ஸ்பானியர்' என்று எழுதினால் ஸ்பெயின் நாட்டுக்காரர் என்றுதான் பொருள். 'லத்தீன் மக்கள்' அதைவிட மோசம். லத்தீன் என்ற சொல் நம் ஊரில் திருச்சபைப் பிரிவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, குமரி மாவட்ட வாசகர் வேறு எதையோ நினைத்துக்கொள்வார். ஹிஸ்பானிக், லத்தீனோ என்றே எழுதலாம். இரண்டும் ஒன்றல்ல: ஸ்பெயின்காரர் ஹிஸ்பானிக், ஆனால் லத்தீனோ அல்ல, பிரேசில்காரரை லத்தீனோ என்பார்கள், போர்ச்சுகீசு பேசுவதால் ஹிஸ்பானிக் ஆக மாட்டார். கணக்கெடுப்புத் துறை இரு சொற்களையும் ஒரே பொருளில் புழங்குகிறது, பிரேசிலைச் சேர்ப்பதில்லை. எல்லோரையும் எண்ணாமல் ஒரு பகுதியினரிடம் மட்டும் ஆண்டுதோறும் விவரம் கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பு (ACS) ஒன்றையும் அந்தத் துறை நடத்துகிறது. அதில் 2020ஆம் ஆண்டு குறியீட்டுப் பிழை ஒன்று நேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் ஹிஸ்பானிக் என்று பதிவான பிரேசில் வழியினர் சுமார் 14,000 பேர். அந்த ஆண்டு மட்டும் நான்கு லட்சத்தைத் தாண்டினார்கள். பிரேசிலில் யாரும் கப்பல் ஏறவில்லை. வழக்கமாகப் பின்னணியில் நடக்கும் ஒரு திருத்தம் அந்த ஆண்டு நடக்காமல் போனது, அவ்வளவுதான்.

'இனம்' என்ற சொல்தான் பெரிய தொல்லை. படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2020 படிவத்தின் 8ஆவது கேள்வி: இவர் ஹிஸ்பானிக், லத்தீனோ அல்லது ஸ்பானிய வழியினரா? முதல் கட்டம் 'இல்லை'. அடுத்து மெக்சிகோ, புவெர்ட்டோ ரிக்கோ, கியூபா. கடைசியில் 'வேறு', அருகே எழுத ஒரு வரி. அதன் பிறகு 9ஆவது கேள்வி: இவருடைய இனம் என்ன? வெள்ளையர், கறுப்பர், அமெரிக்கப் பழங்குடியினர், நம்மவர்கள் டிக் அடிக்கும் 'ஏசியன் இந்தியன்' உள்ளிட்ட ஆசியக் கட்டங்கள், இறுதியில் 'வேறு ஏதேனும் இனம்'. இரண்டு கேள்விக்கும் விடையளிக்க வேண்டும், இந்தக் கணக்கெடுப்பில் ஹிஸ்பானிக் என்பது இனம் அல்ல என்று கேள்விக்கு மேலேயே அச்சிட்டிருந்தார்கள். எனவே 8ஆவது கேள்விக்கு வம்சாவளி என்ற சொல்தான் சரி. இந்திய வம்சாவளி என்று நாள்தோறும் எழுதுகிறீர்கள். ஹிஸ்பானிக் வம்சாவளி என்றும் எழுதலாம். 9ஆவது கேள்விக்கு மட்டும் இனம்.

இதைப் பிரிக்காவிட்டால் என்ன ஆகும்? டெக்சஸ் அட்டவணையில் 'வெள்ளையர் மட்டும்' என்றொரு வரி இருக்கிறது. 2010இல் அது 70.4 சதவீதம், 2020இல் 50.1. பத்தாண்டில் முப்பது லட்சம் வெள்ளையர் காணாமல் போனார்கள் என்று தலைப்புப் போடத் தோன்றும். மேலே சொன்ன கணக்கில் அவர்கள் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு மேல் கூடியிருக்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? 'வெள்ளையர் மட்டும்' என்ற வரியில் ஹிஸ்பானிக் வெள்ளையரும் அடக்கம். அவர்கள்தான் அந்த வரியை விட்டு நகர்ந்தார்கள். சரியாகச் சொன்னால், நகர்த்தப்பட்டார்கள். 2010 படிவத்தில் 'வெள்ளையர்' கட்டத்தின் கீழே எழுத இடம் கிடையாது. 2020இல் அதன் கீழே ஒரு வரி கொடுத்து, ஜெர்மன், ஐரிஷ், இத்தாலியன் போல எழுதுங்கள் என்றார்கள். வெள்ளையர் என்று டிக் அடித்த ஒருவர் அந்த வரியில் 'மெக்சிகன்' என்று எழுதினால், அது 'வேறு ஏதேனும் இனம்' என்ற குறியீட்டுக்குப் போகும். அவர் வெள்ளையர் மட்டும் என்ற வரியிலிருந்து 'இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனங்கள்' வரிக்குப் போய்விடுவார். முன்பு எழுதியதில் முதல் 30 எழுத்துகளை மட்டும் எடுத்து இரண்டு குறியீடு போட்டார்கள். 2020இல் 200 எழுத்துகள், ஆறு குறியீடுகள். நாடு முழுவதும் 'வெள்ளையர் மட்டும்' என்று பதிவான ஹிஸ்பானிக் மக்கள் 2.67 கோடியிலிருந்து 1.26 கோடியாகச் சரிந்தார்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனம் என்று பதிவான ஹிஸ்பானிக் மக்கள் 30 லட்சத்திலிருந்து 2.03 கோடியாக ஏறினார்கள். இந்த மாற்றத்தில் பெரும்பகுதி மக்கள் மனத்தில் நடந்ததல்ல, மேசையில் நடந்தது.

எந்த அட்டவணையைத் திறப்பது என்று கேட்பீர்கள். 2020 கணக்கெடுப்பில் பி-2 (P2) என்ற அட்டவணை. தொகுதி மறுவரையறைக்காக 2021 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட கோப்பில் இருக்கிறது. ஹிஸ்பானிக் மக்களை முதலில் தனியே எடுத்துவிட்டு, மீதமுள்ளவர்களை மட்டும் இனவாரியாகப் பிரிக்கும், கூட்டினால் சரியாக நூறு வரும். பி-1 (P1) என்ற அட்டவணையிலிருந்து வெள்ளையர் எண்ணையும் பி-2இலிருந்து ஹிஸ்பானிக் எண்ணையும் எடுத்தால் நூறைத் தாண்டும். தமிழில் வந்த வட்ட வரைபடங்களில் இந்தப் பிழையைப் பலமுறை பார்த்துவிட்டோம். ஆண்டுதோறும் நடக்கும் மாதிரிக் கணக்கெடுப்பில் இதற்கு இணை பி-03002 (B03002). மெக்சிகோ, எல் சால்வடார், வெனிசுவேலா என்று நாட்டுவாரியாக வேண்டுமானால் பி-03001 (B03001).

மாதிரிக் கணக்கெடுப்பில் ஓராண்டுத் தரவு 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்குத்தான் கிடைக்கும். டெக்சஸின் 254 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) பெரும்பாலானவை அதற்குச் சிறியவை, அவற்றுக்கு ஐந்தாண்டுத் தொகுப்புதான். 2018–2022 தொகுப்பையும் 2019–2023 தொகுப்பையும் ஒப்பிட்டு 'ஒரே ஆண்டில் உயர்வு' என்று எழுதாதீர்கள், நான்கு ஆண்டுகள் இரண்டிலும் பொது. ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் பிழை வரம்பு போட்டிருப்பார்கள். வித்தியாசம் அந்த வரம்புக்குள் அடங்கினால் அது செய்தி ஆகாது. 2020 கணக்கெடுப்பிலும் தெரு அளவில் இறங்காதீர்கள். தனிநபர் விவரம் வெளியே தெரியாமலிருக்கச் சிறு பகுதிகளின் எண்களில் வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துவிட்டிருக்கிறார்கள். மாநில மொத்தத்தில் கைவைக்கவில்லை.

மில்லியனைப் பற்றி ஒரு சொல். 11.4 மில்லியன் என்பது 1.14 கோடி. 11.4 கோடி அல்ல. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுத வேண்டியிருக்கிறது.

இனி, 'எல்லை தாண்டி வந்தவர்கள்'. டெக்சஸின் ஹிஸ்பானிக் மக்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். புவெர்ட்டோ ரிக்கோக்காரர்களைக் குடியேறிகள் கணக்கில் சேர்க்கவே கூடாது. 1917 முதல் அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஸ்டார் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ரியோ கிராண்டே ஆற்றின் வடகரை. 1767இல் ஸ்பானிய அரசு அங்கே நிலத்தை ஆற்றை ஒட்டிய நீளமான பட்டைகளாக அளந்து கொடுத்தது. ஒவ்வொரு பட்டைக்கும் ஆற்றுத் தண்ணீர் எட்ட வேண்டும் என்பதற்காக அந்த வடிவம். அமெரிக்கா என்ற நாடு பிறக்கவே இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. டெக்சஸ் 1836இல் மெக்சிகோவிலிருந்து பிரிந்தது, 1845இல் அமெரிக்காவில் சேர்ந்தது, 1848 உடன்படிக்கைக்குப் பிறகு அந்த ஆறு நாட்டெல்லை ஆனது. ஆற்றின் வடகரையிலிருந்த குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, எல்லைதான் வந்து சேர்ந்தது. லாரெடோ நகரம் 1755இல், சான் அன்டோனியோ 1718இல் தோன்றியவை.

வளர்ச்சிக்கு முக்கியக் காரணம் வயது. 2018ஆம் ஆண்டுத் தரவின்படி அமெரிக்க ஹிஸ்பானிக் மக்களிடையே மிக அதிகம் பேர் இருந்த வயது 11, வெள்ளையரிடையே 58. பதினொரு வயதுப் பிள்ளைகள் வளர்ந்து பெற்றோர் ஆவார்கள், ஐம்பத்தெட்டு வயதுக்காரர்கள் ஓய்வுக்குப் போவார்கள். நாளை எல்லையை முழுதாக மூடினாலும் இந்தக் கணக்கு பல பத்தாண்டுகளுக்கு ஓடும். டெக்சஸ் அரசுப் பள்ளிகளில் ஹிஸ்பானிக் மாணவர்கள் 2010–11 கல்வியாண்டிலேயே பாதியைத் தாண்டிவிட்டார்கள். அங்கே மட்டும் பெரும்பான்மை என்று தாராளமாக எழுதலாம். மாநிலத்தின் நாளைய நிலவரம் தெரிய வேண்டுமானால் எல்லைச் சுவரைவிடப் பள்ளி வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது பயன் தரும்.

எல்லோரும் மெக்சிகோ வழியினரும் அல்ல, அவர்கள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு என்றாலும். ஹூஸ்டனில் எல் சால்வடார், ஹோண்டுராஸ் குடும்பங்கள் ஏராளம். மேற்கே கேட்டி பகுதியில் வெனிசுவேலாக்காரர்கள் குவிந்ததால் ஊருக்கே 'கேட்டிசுவேலா' என்று செல்லப்பெயர். உங்கள் வாசகர் பலரின் மகனோ மகளோ இருக்கும் சுகர் லேண்ட், கேட்டி பகுதியின் ஒரு பாகமும் அடங்கிய ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில்தான் இருக்கிறது. அங்கே வெள்ளையர், ஹிஸ்பானிக், ஆசியர், கறுப்பர் ஆகிய நால்வரில் ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள்.

எண்ணாமல் விடுபட்டவர்கள் கதையையும் பார்க்க வேண்டும். 2020 கணக்கெடுப்பு முடிந்ததும் கணக்கெடுப்புத் துறையே நடத்திய சரிபார்ப்பில் நாடு முழுவதும் ஹிஸ்பானிக் மக்களில் 4.99 சதவீதம் பேர் நிகரமாக விடுபட்டதாகத் தெரிந்தது. 2010இல் அது 1.54. ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் 1.64 சதவீதம் கூடுதலாக எண்ணப்பட்டார்கள். டெக்சஸ் மொத்தத்தில் விடுபட்டது 1.92 சதவீதம், சுமார் ஐந்தரை லட்சம் பேர். 4.99ஐ எடுத்து டெக்சஸின் ஹிஸ்பானிக் எண்ணோடு பெருக்கி எழுதிவிடாதீர்கள். அது நாட்டளவு வீதம்.

ஏன் விடுபட்டது? எல்லையோரத்தில் 'கொலோனியா' எனப்படும் குடியிருப்புகள் இருக்கின்றன. தண்ணீர்க் குழாயோ சாக்கடையோ இல்லாமல் விற்ற மனைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடுகள். பலவற்றுக்கு ஒழுங்கான தபால் முகவரி கிடையாது, ஆகவே ஆள் நேரில் போய்ப் படிவத்தைக் கதவில் வைக்க வேண்டும். அந்த வேலை தொடங்கிய சில நாட்களில், 2020 மார்ச்சில், கொரோனாவால் நின்றது. மே மாதம்தான் மீண்டும் தொடங்கியது. ஒரே மனையில் பாட்டி, மகன், மகள் குடும்பம் என்று மூன்று அடுப்பு எரியும். காகிதப் படிவத்திலோ ஆறு பேருக்குத்தான் முழு விவரம் எழுத இடம். ஏழாவதாக வரும் கைக்குழந்தைதான் பெரும்பாலும் விட்டுப்போகும்; வயதுவாரியாகப் பார்த்தால் நாட்டிலேயே அதிகம் விடுபட்டவர்கள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். குடியுரிமையைக் கேட்கும் கேள்வியைச் சேர்க்க 2018இல் அரசு முனைந்தது. 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. கேள்வி படிவத்தில் வரவில்லை, பயம் மட்டும் வந்து சேர்ந்தது. கலிபோர்னியா தன் மக்களை எண்ணவைக்க 18.7 கோடி டாலர் ஒதுக்கியது. டெக்சஸ் சட்டமன்றம் அதற்கென நிதி ஒதுக்கவில்லை. மூன்று மக்களவை இடங்கள் கூடும் என்று பரவலாக எதிர்பார்த்தார்கள், இரண்டுதான் கூடியது: 36இலிருந்து 38.

கடைசியாக, 'இனி ஆட்சி மாறும்'. மக்கள்தொகையும் வாக்கும் ஒன்றல்ல, நடுவில் நான்கு படிகள். மொத்தத்தில் ஹிஸ்பானிக் மக்கள் 40 சதவீதம். பதினெட்டு நிரம்பாதவர்களையும் குடியுரிமை இல்லாதவர்களையும் கழித்தால், வாக்களிக்கத் தகுதி உள்ளவர்களில் அவர்கள் 2024இல் 32 சதவீதம். அடுத்த படி பதிவு: டெக்சஸில் புதிதாக இணையவழிப் பதிவு கிடையாது, தாளில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், அதுவும் தேர்தலுக்கு 30 நாள் முன்பே. வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்ய விரும்பும் தன்னார்வலர் ஒவ்வொரு கவுண்டியிலும் தனியே நியமனம் பெற வேண்டும். இரட்டைப்படை ஆண்டின் முடிவில் அது காலாவதி. கடைசிப் படி, வாக்குச்சாவடிக்குப் போவது. ஆனால் தொகுதி எல்லை வரையும்போது எடுத்துக்கொள்வது குழந்தைகள், குடியுரிமை இல்லாதவர்கள் உட்பட மொத்தத் தலைகளை. 2016இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆகவே தொகுதி பற்றிய செய்தியில் மொத்த மக்கள்தொகை, வாக்கு பற்றிய செய்தியில் தகுதியுள்ள குடிமக்கள். இதை மாற்றிப் போடுவதால்தான் 'இவ்வளவு பேர் இருந்தும் ஏன் தோற்றார்கள்' என்று ஆச்சரியப்பட வேண்டிவருகிறது.

டெக்சஸ் வாக்காளர் பட்டியலில் இனமோ வம்சாவளியோ கிடையாது. 'இத்தனை லட்சம் ஹிஸ்பானிக் வாக்காளர் பதிவு' என்று வரும் எண் ஸ்பானியக் குடும்பப்பெயர்ப் பட்டியலை வைத்துப் போட்ட ஊகம். அதில் பிலிப்பைன்ஸ்காரர் உள்ளே வருவார், அயர்லாந்துப் பெயர்க்காரரை மணந்து பெயர் மாற்றிய மெக்சிகோ வழிப் பெண் வெளியே போவார். தூத்துக்குடியிலிருந்து டாலஸ் போன ஒரு பெர்னாண்டஸ்கூட ஹிஸ்பானிக் ஆகிவிட வாய்ப்புண்டு.

ஸ்டார் கவுண்டிக்கே திரும்புவோம். மூன்று தேர்தலிலும் அங்கே மக்கள்தொகையில் சுமார் 97 சதவீதம் ஹிஸ்பானிக். 2016இல் ஹிலாரி கிளிண்டனுக்கு 79 சதவீதம் வாக்கு. 2020இல் பைடனுக்கு 52. 2024இல் டிரம்ப் ஏறக்குறைய 58 சதவீதத்தோடு வென்றார். நூறாண்டுக்கு மேலாகக் குடியரசுக் கட்சி பார்க்காத வெற்றி. டிரம்புக்கு 2016இல் விழுந்தது இரண்டாயிரத்துச் சொச்சம், 2020இல் எட்டாயிரத்துக்கு மேல். அந்த இரண்டு தேர்தலுக்கிடையே ஜனநாயகக் கட்சியின் வாக்கு பெரிதாகக் குறையவே இல்லை. அதாவது முன்பு வாக்குச்சாவடிப் பக்கம் வராதவர்கள் வந்தார்கள். மக்கள்தொகை மாறாமலே முடிவு தலைகீழானது. 2025 ஆகஸ்டில் டெக்சஸ் சட்டமன்றம் தொகுதி எல்லைகளை இடையிலேயே திரும்ப வரைந்தபோது கட்சிகள் போட்ட கணக்குக்குப் பின்னால் இதுவும் இருந்தது. தொகுதி மறுவரையறை என்றால் என்ன கலவரம் என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

நடுவில் ஒன்று: அதிபர் பதவிக் காலத்தின் பாதியில் நடப்பதை இடைத்தேர்தல் என்று எழுதாதீர்கள், நம்மூர் இடைத்தேர்தல் வேறு. இடைக்காலத் தேர்தல்.

புதிய எண்கள் எப்போது வரும் என்று குறித்துவைத்துக்கொள்ளலாம். வம்சாவளி வாரியான ஜூலை 1 மதிப்பீடு வழக்கமாக மறு ஆண்டு ஜூனில். மாதிரிக் கணக்கெடுப்பின் ஓராண்டுத் தரவு செப்டம்பரில். ஐந்தாண்டுத் தொகுப்பு டிசம்பரில். மதிப்பீட்டையும் மாதிரிக் கணக்கெடுப்பையும் ஒரே வரைபடத்தில் கோர்க்க வேண்டாம்.

2024 மார்ச்சில் அமெரிக்க அரசு விதியைத் திருத்தியது. 8ஆவது, 9ஆவது கேள்விகள் ஒன்றாகும். வெள்ளையர், கறுப்பர் பக்கத்திலேயே ஹிஸ்பானிக் ஒரு கட்டமாக வரும். 2030 படிவம் அப்படி அமைந்தால், இப்போது வெள்ளையர் அல்லது 'வேறு இனம்' என்று டிக் அடிக்கும் பல லட்சம் பேர் ஹிஸ்பானிக் கட்டத்தை மட்டும் டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இன வரிசையில் மறுபடியும் ஒரு பெரிய பள்ளமும் மேடும் தெரியும். அந்தத் தலைப்பை எழுதும் முன் படிவத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
மக்கள்தொகைத் தரவுப் பணியில் இருக்கும் தமிழ் வாசகர்கள் சிலர்